ஏ.எல். வகுப்பில் சங்கீதம்

பொறியியலாளன் சங்கீதத்தைப் பற்றி எழுதுவதா என்று எனது வகுப்புத் தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்!

யாழ்ப்பாணத்தில் சங்கீதப் பரீட்சை என்றால் முதலில் வட இலங்கைச் சங்கீத சபைதான். 1931இல் தோன்றிய அச்சபையின் தரங்களைத் தாண்டி 'கலாவித்தகர்' பட்டம் பெற்ற பலர் எங்கட பாடசாலைகளில் படிப்பித்தார்கள். 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. காலப்போக்கில், ஏ.எல். சங்கீதம் படித்த பிள்ளைக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தது.

ஆனால் அது கலைப்பிரிவுப் பாடம். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும், நாலாவதுக்கு இடமேது? ஓ.எல்.லில் சங்கீதத்துக்கு 'ஏ' எடுத்த நான், அதோட பாட்டுக் கொப்பியை மூடினனான்.

ஒருநாள் எங்களுக்கு வரிசைமாற்றமும் சேர்மானமும் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வகுப்பில் சங்கீத டீச்சர் மேளகர்த்தாவை விளக்கினார்: மத்திமம் 2, ரிஷப காந்தாரச் சேர்க்கை 6, தைவத நிஷாதச் சேர்க்கை 6. கொப்பி ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன், 72. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டிலேயே போட்ட கணக்கு! சேர் தந்த கணக்கை அன்று நான் செய்யவேயில்லை.

அந்த வகுப்புப் பிள்ளைகள் செயன்முறைப் பரீட்சைக்குப் பாடப் போன நாளில், நான் பௌதிகவியல் ரியூசனுக்குச் சைக்கிள் மிதிச்சுக்கொண்டிருந்தேன்.