சவுக்குக் கிளையில் ஒரு நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் மரம் என்றதும் உங்கள் மனசுக்குள் என்ன படம் ஓடுகிறது? பனி, கூம்பு மாதிரி ஓர் ஊசியிலை மரம், உச்சியில் நட்சத்திரம். சரி, அந்தப் படத்தை அப்படியே நெய்வேலிக்குக் கொண்டுவாருங்கள். டிசம்பரிலும் மத்தியான வெயில் முதுகைச் சுடுகிற ஊர். பனியும் கிடையாது, பைன் மரமும் கிடையாது. அப்புறம் எதை வைத்துக் கொண்டாடுவது?

கடலூர் சீமைக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள்: சவுக்கு!

ஒரு சவுக்குக் கிளை, மணல் நிரப்பிய பக்கெட், பலூன், ஜிகினாத் தாள், பனிக்குப் பதில் பிய்த்துப் போட்ட பஞ்சு. முடிந்தது வேலை. 'ஏதோ இல்லாத குறைக்கு வைக்கிறார்கள்' என்று நினைத்தால், அந்தக் கிளைக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில், ஒரிஜினல் மரத்தின் கதை. டிசம்பர் 24 ஆதாம், ஏவாள் நாள். அன்று நடக்கும் நாடகத்துக்காக ஜெர்மனியில் ஒரு மரத்தை நிறுத்தி ஆப்பிள் கட்டுவார்கள். ஏதேன் தோட்டத்து மரமாம்! அந்த வழக்கம் பதினாறாம் நூற்றாண்டில் மெள்ள வீட்டுக்குள் நுழைந்தது. ஆப்பிள்தான் பிற்பாடு கண்ணாடி உருண்டையாக மாறியது. லௌஷா என்ற ஜெர்மானியக் கிராமத்துக் கண்ணாடித் தொழிலாளிகளின் கைவேலை அது.

இங்கிலாந்துக்கு மரத்தைக் கொண்டுபோனவர்களும் ஜெர்மன் சம்பந்தமுள்ள ராஜகுடும்பத்தார்தான். ஆனால் ஊரெல்லாம் பரவியதற்குக் காரணம் ஒரு பத்திரிகை. விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848-ல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்டது. அவ்வளவுதான்... அடுத்தடுத்த வருஷங்களில் நடுத்தர வீடுகளெல்லாம் மரம் வாங்கக் கிளம்பிவிட்டன! 1882-ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்துக்கு 80 மின்விளக்குகளைச் சுற்றினார். இன்று நம் தெருக்களில் கண் சிமிட்டும் சீரியல் செட்டுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி.

இன்னொன்று தெரியுமா? 'செயற்கை மரம்' பிளாஸ்டிக் காலத்துச் சரக்கு அல்ல. பண்டிகைக்கென்று மரம் வெட்டி வெட்டிக் காடு தேய்கிறதே என்ற கவலை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியிலேயே வந்துவிட்டது. வாத்து இறகைப் பச்சைச் சாயத்தில் முக்கி, கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள்!

இனி நம்மூர் ஹீரோவுக்கு வருவோம். சவுக்கு, பைன் ஜாதியே இல்லை. ஊசி இலை மாதிரித் தெரிகிறதே, அது இலையும் அல்ல. பச்சைக் குச்சி! நிஜ இலை, கணுவுக்குக் கணு பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். தொங்கும் குச்சிகள் கேசோவரி பறவையின் இறகு போல இருந்ததால் 'கேசுவரைனா' என்று பெயர் வைத்தார்கள்.

இது நம் கடற்கரையில் தோப்புத் தோப்பாகப் பெருகியதற்குக் காரணம், ரயில். சென்னை மாகாணத்தில் ரயில் ஓடத் தொடங்கியபோது நிலக்கரி கப்பலேறித் தொலைதூரத்திலிருந்து வரவேண்டியிருந்தது. விலை எக்கச்சக்கம். 'விறகு போட்டு ஓட்டு' என்றார்கள். காடு காலியாக ஆரம்பித்தது. அப்போதுதான், 1860-களில், மணலிலும் சீக்கிரம் வளர்கிற சவுக்கை வரிசை வரிசையாக நட்டார்கள். ரயில் விறகை விட்ட பிறகும், நம் அடுப்புகள் அதை விடவில்லை.

நெய்வேலி கதையும் இதே விறகுப் பிரச்னையைத்தான் தொடுகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி! 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அனல்மின் நிலையத்துக்கு சோவியத் உதவி, மண்ணைத் தோண்ட ஜெர்மன் ராட்சத இயந்திரங்கள். கிறிஸ்துமஸ் மரத்தைக் கொடுத்த தேசம்தான், நெய்வேலிக்குச் சக்கரவாளி மிஷினையும் கொடுத்தது!

அந்த நிலக்கரியைப் பொடித்து, அழுத்தி, கட்டியாக்கி 'லெகோ' என்ற பெயரில் அடுப்புக்கு விற்றார்கள். உங்கள் அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள், ஞாபகம் வைத்திருப்பார்கள். ஒரு லெகோ கட்டி எரிந்தால், ஒரு விறகு மிச்சம். அந்த லெகோவே பல கோடி வருஷத்துக்கு முன் புதைந்த மரம்தான் என்பது வேடிக்கை. கேஸ் சிலிண்டர் வந்தது, லெகோ போயே போய்விட்டது.

சரி, சவுக்கு வெறும் விறகுதானா?

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. சுனாமி. கடலூர் கரையில் சவுக்குத் தோப்பின் முன்வரிசை மரங்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு போயின. பின்வரிசைகள் நின்றன. அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் மறைத்த கிராமங்களில் சேதம் குறைவு என்று கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்த ஒரு கட்டுரை, 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. ரயிலுக்காக வந்த மரம், கடலுக்கு முன்னால் நெஞ்சைக் காட்டி நின்றது!

அதே மரம் தோற்ற நாளும் உண்டு. 2011 டிசம்பர் 30, 'தானே' புயல். சவுக்கு, முந்திரி, பலா எல்லாம் சாய்ந்தன. சவுக்கை நட்டால் மூன்று நான்கு வருஷத்தில் காசு. பலாவும் முந்திரியும் அப்படியா? அப்பன் நட்டதைப் பிள்ளை அனுபவிக்கிற மரங்கள். பண்ருட்டிப் பக்கத்து விவசாயி ஒரே ராத்திரியில் இழந்தது ஒரு வருஷ மகசூலை அல்ல, ஒரு தலைமுறையை.

ஆகவே, இந்த வருஷம் வீட்டுக்கு வித்தியாசமாக மரம் தேடுகிறீர்கள் என்றால், ரொம்ப தூரம் போகாதீர்கள். சவுக்கு காட்டு மரமல்ல, பயிர். கழிக்கும் காகிதத்துக்கும் எப்படியும் வெட்டப்போகிறார்கள். தோப்புக்காரரிடம் காசு கொடுத்து ஒரு கிளை வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. அலங்காரத்துக்குச் சவுக்குக் காய்க்கே தங்கப் பெயின்ட் அடிக்கலாம். பனையோலையில் நட்சத்திரம் முடையலாம். கொலு பொம்மைக்குப் பேர்போன பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கும்போது குடிலுக்குப் பொம்மை தேடி எங்கே அலைவது?

முந்திரிக் கன்றையோ பலாக் கன்றையோ தொட்டியில் வைத்து அலங்கரித்தால் இன்னும் விசேஷம். பண்டிகை முடிந்ததும் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு மண்ணில் நட்டுவிடுங்கள். 'தானே' கொண்டுபோன கணக்கில் ஒன்றாவது திரும்ப வரவாகட்டும்!