யோபுவின் கதையைக் கேட்ட மனிதர்



நோயாளரின் படுக்கையருகிலும் கல்லறைத் தோட்டத்திலும் குருக்களாகிய நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "சுவாமி, கடவுள் அன்பானவர் என்றால் எனக்கு ஏன் இப்படி நேர்ந்தது?" இவ்வாறு கேட்பவர் விசுவாசம் குன்றியவர் அல்லர். தமிழ் மண்ணின் புனிதர் ஒருவருடைய விசுவாசப் பயணமே இத்தகைய மனக்கலக்கத்தில்தான் தொடங்கியது.

1741 ஆகஸ்டில் நடந்த குளச்சல் போரில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களுள் எஸ்தாக்கியுஸ் டிலனாய் என்னும் கத்தோலிக்கத் தளபதியும் ஒருவர். மன்னர் அவருடைய திறமையை அறிந்து, தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டன் அவருக்கு நண்பரானார். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன் அந்நாள்களில் அடுத்தடுத்துப் பொருளிழப்புகளைச் சந்தித்து மனம் சோர்ந்திருந்தார். தம் துயரத்தை நண்பரிடம் வெளியிட்டபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புட்டாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழில் தாங்கி, தேவசகாயம் ஆனார். கடவுள் உதவினார் என்பதே அப்பெயரின் பொருள்.

ஆனால் பின்னர் நிகழ்ந்தவை அப்பெயருக்கே சோதனையாயின. 1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். விலங்கிட்டு, எருமையின்மேல் பின்னோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். சாட்டையடியும் சிறையும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தன. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி ஞானப்பூ கைம்பெண்ணானார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். யோபு இழந்த மந்தைகளை இருமடங்காகத் திரும்பப் பெற்றார். தேவசகாயமோ எதையும் திரும்பப் பெறவில்லை, எஞ்சியிருந்ததையும் இழந்தார். அப்படியானால், அவர் கேட்ட கதை பொய்த்துவிட்டதா?

யோபு நூலை மீண்டும் வாசியுங்கள். இருமடங்குச் செல்வம் இறுதி அதிகாரத்தில் மட்டுமே வருகிறது. அதற்கு முன்பு நீண்ட பல அதிகாரங்களில் யோபு முறையிடுகிறார், வாதாடுகிறார், தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். ஆண்டவர் அவர்முன் வந்தபோதும் துன்பத்தின் காரணத்தைச் சொல்லவில்லை. ஆயினும், எல்லாவற்றுக்கும் காரணம் கற்பித்த நண்பர்களைக் கடிந்துகொண்டு, கதறிய யோபுவே தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியதாகக் கூறினார். யோபுவுக்குப் புதிய பிள்ளைகள் பிறந்தனர். இறந்த பிள்ளைகள் திரும்பவில்லை. ஆகவே அந்நூல் தருவது இழந்தவை திரும்ப வரும் என்னும் உறுதிமொழி அன்று. அழுது முறையிடுகிறவனைக் கடவுள் விட்டு விலகுவதில்லை என்பதே அது தரும் உறுதி. தேவசகாயம் பற்றிக்கொண்டது அதையே என நான் நம்புகிறேன். வேறெந்த நம்பிக்கையும் மூன்று ஆண்டுச் சிறையைத் தாங்கியிராது.

அவருடைய உடல் எச்சங்கள் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2012 டிசம்பர் 2 அன்று அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் மனிதர் அவரே. சுட்ட துப்பாக்கிக்கும் புனிதர் பட்டத்துக்கும் இடையே 270 ஆண்டுகள். கடவுளின் உதவி நம் நாட்காட்டிக்குள் அடங்குவதில்லை.

இறுதியாக, டிலனாயை மறந்துவிட வேண்டாம். போரில் தோற்றுச் சிறைப்பட்ட அவர், 1777இல் அதே மண்ணில் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் இழந்து அந்நிய நாட்டில் வாழ்ந்த ஒருவர், துயருற்ற வேறொருவரின் அருகில் அமர்ந்து யோபுவின் கதையைச் சொன்னார். அதிலிருந்து ஒரு புனிதர் பிறந்தார்.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கும் அப்பணி இயலும். உங்கள் அயலார் துன்பத்தில் கேள்வி கேட்கும்போது அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். அருகில் அமருங்கள், உங்கள் ஐயங்களையும் மறைக்க வேண்டாம். முறையிட்ட யோபுவை ஏற்றுக்கொண்ட ஆண்டவர் உங்களையும் ஏற்றுக்கொள்வார்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.