லெனின்கிராட் கண்ட இரு மாரிகள்

உறைபனிக் காலம் வடபுல மக்களுக்குப் புதியதன்று. கோடையிலேயே விறகு சேர்த்தல், யன்னல் இடுக்குகளை அடைத்தல், கிழங்கையும் கோவாவையும் நிலவறையிற் சேமித்தல் ஆகியன அவர்தம் வாழ்வோடு ஒன்றியவை. ஆயின், ஒரு குடும்பத்தின் முன்னேற்பாடு மட்டும் அதனைக் காக்கப் போதுமா? லெனின்கிராட் முற்றுகையின் முதலிரு மாரிகள் இவ்வினாவுக்கு விடை தருகின்றன.

1941 செப்ரெம்பர் 8இல் ஜேர்மன் படைகள் நகரின் தரைவழித் தொடர்பைத் துண்டித்தன. எரிபொருள் அருகியது. வெப்பமூட்டும் குழாய்கள் குளிர்ந்தன; வீடுகளுக்கு மின்சாரம் நின்றது; நீர்க்குழாய்கள் உறைந்தன. 1942 ஜனவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையையும் கடந்து இறங்கியது. மக்கள் தம்மாலியன்ற அனைத்தையும் செய்தனர். உடைந்த யன்னல்களை ஒட்டுப்பலகையால் மூடினர். முழுக் குடும்பமும் ஓரறையில் ஒடுங்கியது. ‘புர்ஷுய்க்கா’ எனப்பட்ட சிறு இரும்படுப்பில் தளபாடங்களையும், ஈற்றில் நூல்களையும் எரித்தனர். நேவா ஆற்றின் பனிக்கட்டியைத் துளைத்து நீர் எடுத்தனர். எனினும், 1941 நவம்பர் 20 முதல் டிசெம்பர் 25 வரை ஊழியர், சிறுவர், தங்கிவாழ்வோர் ஆகியோருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பாண் 125 கிறாமே. பட்டினியுற்ற உடலை அடுப்பு காக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

1942 இளவேனிலில் உயிர் தப்பியோர், பெரும்பாலும் பெண்கள், வீதிகளைத் துப்புரவாக்கினர். ஏப்ரில் 15இல் பயணிகள் ட்ராம் வண்டிகள் மீண்டும் ஓடின. பூங்காக்களும் சதுக்கங்களும் மரக்கறித் தோட்டங்களாயின. புனித ஐசக் பேராலயத்தின் முன்னும் கோவா விளைந்தது. மரவீடுகள் விறகுக்காகப் பிரிக்கப்பட்டன. லடோகா ஏரியின் அடியால் ஜூனில் எரிபொருட் குழாயும், செப்ரெம்பரில் வொல்கோவ் நிலையத்திலிருந்து மின்வடமும் நகரை அடைந்தன.

இரண்டாவது மாரியில் முற்றுகை தொடர்ந்தபோதும் முன்னைய பேரழிவு மீளவில்லை. இதற்கு ஏற்பாடுகள் மட்டும் காரணமெனல் பொருந்தாது. முதன் மாரியின் சாவுகளாலும், ஏரிவழி வெளியேற்றத்தாலும் நகரின் குடித்தொகை பெரிதுங் குறைந்திருந்தது. குளிரும் முன்னையதைப் போலக் கடுமையாக இருக்கவில்லை. எனினும், கோடையிற் செய்யப்பட்ட கூட்டுழைப்பின் பங்கை எவரும் மறுத்தற்கியலாது.

முதன் மாரியில் ஒவ்வொரு வீடும் தன் அடுப்பைத் தானே காத்தது. இரண்டாவதில் நகரமே ஒரு வீடாகித் தன்னைக் காத்துக்கொண்டது. குளிர் இயற்கையின் செயல். அதற்கு மனிதர் இரையாவதும் தப்புவதும் பெருமளவு சமூகத்தின் செயலாகும்.