வியப்பை இழந்த வெண்திரை

வளர்ந்தோருக்கான படங்களில் வியப்பும் கற்பனையும் அருகிப்போனது ஏன்? விடை சினிமாவின் தொடக்க வரலாற்றிலேயே இருக்கிறது.

1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படங்காட்டினர். அங்கு வியந்து நின்றவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் மெலியேஸ். மந்திரவித்தை அரங்கொன்றின் உரிமையாளர். 1902இல் சந்திரப் பயணத்தையும், 1905இல் ஆயிரத்தொரு இரவுகளின் மாளிகையையும் அவர் படமாக்கினார். சந்தைக் கொட்டகைகளில் பெரியோரும் சிறியோரும் ஒருங்கே அமர்ந்து இத்தகைய படங்களை இரசித்தனர்.

ஆனால் சினிமா கனவான்களின் மதிப்பையும் நாடியது. 1908இல் 'கீஸ் பிரபுவின் கொலை' வெளிவந்தது. புகழ்பெற்ற நாடக நடிகர்கள் நடித்த சரித்திரப் படம் அது. நாடகமும் நாவலும் காட்டிய வழியில், யதார்த்தமே முதிர்ச்சியின் அடையாளம் என்ற எண்ணம் வேரூன்றியது. மாயம் சிறுவர்க்குரியதென ஒதுக்கப்பட்டது. போட்டியாலும் கடனாலும் நொடிந்த மெலியேஸ், 1920களில் மொன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் விளையாட்டுப் பொருட்கள் விற்றார். அவரது கலைக்கு நேர்ந்த கதியும் அதுதான்.

வியப்பு குழந்தைகளின் தனிச்சொத்தல்ல. ஷஹ்ராஸாத் தன் உயிரைக் காக்கக் கதை சொன்னது ஒரு மன்னனுக்கு. அவன் மனத்தை மாற்றியது அந்த வியப்பே. இதை நமது படைப்பாளிகளும் எண்ணிப் பார்க்க வேண்டும்.