நிலத்துக்கு ஒரு நீதி, ஆளுக்கு ஒரு நீதியா?

சென்னையின் தென்மேற்கு ஓரத்திலே நேசப்பாக்கம். வீட்டுவசதித் திட்டத்துக்கென அரசு அங்கே நிலம் எடுத்தது. அத்தகைய நிலத்துக்கு மட்டும் ஆறுதல் தொகையை நூற்றுக்குப் 15-இலிருந்து 5 ஆகக் குறைத்திருந்தது 1961ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம். வஜ்ரவேலு முதலியார் வழக்கு உச்சநீதிமன்றம் ஏறிற்று. 1964இல் தீர்ப்பு: நிலம் எடுக்கலாம், நோக்கத்தைக் காட்டி ஒருவனுக்கு ஒரு படி, மற்றவனுக்கு ஒரு படி என்று அளப்பது சமத்துவமாகாது. சட்டம் வீழ்ந்தது!

நன்று. ஆயின், நாம் கேட்கிறோம்: 1950இல் ஏ.கே.கோபாலன் விசாரணையின்றிச் சென்னை அரசின் காவலிலே கிடந்தபோது நடந்ததென்ன? தடுப்புக் காவல் சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் நீக்கி, மற்றவை செல்லும் என்றது அதே நீதிமன்றம். 1951இல் அச்சட்டத்துக்கு ஆயுள் நீட்டித்த உள்துறை அமைச்சர் ஆச்சாரியார். 1959இல் சுதந்திராக் கட்சி கண்டு, அரசின் கை நீளுகிறதே என்று எச்சரித்தவரும் அவரே!

அரசுக்கு எல்லை கோருவோர் இருவகை. உடைமையின் முன் அரசு தயங்கட்டும், ஒழுங்கின் பெயரால் ஆளை அடைக்கட்டும் என்பர் பழமை பேணுவோர். இரண்டிலும் எல்லை கேட்பர் தனிமனித உரிமையாளர்.

1978இல் மேனகா காந்தி வழக்கு, கோபாலன் தீர்ப்பின் குறுகிய பொருளைக் கைவிட்டது. அவ்வாண்டின் 44ஆவது திருத்தம், சொத்துரிமையை அடிப்படை உரிமைகளினின்று நீக்கிற்று. தடுப்புக் காவலோ, அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவிலே இன்றும் வாழ்கிறது.

தோழர்களே! மண்ணுக்கு விலை கேட்கும் குரல் ஓங்கட்டும். மனிதனுக்கு விடுதலை கேட்கும் குரல் அதனினும் ஓங்க வேண்டாமா?