போட் கீ

போட் கீ என்பது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே, தென்கரையில் அமைந்துள்ள பழைய படகுத்துறை ஆகும். 1983 வரை சரக்குப் படகுகள் இயங்கிய இவ்விடம் தற்போது உணவகங்கள் நிறைந்த மரபுரிமைப் பகுதியாக உள்ளது.

வரலாறு

1819இல் பிரித்தானியர் வணிக நிலையம் நிறுவியபோது தென்கரை சதுப்பு நிலமாக இருந்தது. 1822இல் ராஃபிள்சின் திட்டப்படி அருகிலிருந்த குன்று வெட்டப்பட்டு, அம்மண்ணால் சதுப்பு நிரப்பப்பட்டது. குன்று இருந்த இடமே இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு போட் கீயில் நடைபெற்றது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தொங்கான் எனப்படும் படகுகள் சரக்கைக் கரைசேர்த்தன.

தமிழர் தொடர்பு

தொடக்ககாலப் படகோட்டிகளுள் பலர் தென்னிந்தியர். அருகிலுள்ள சூலியா தெரு தென்னிந்திய முஸ்லிம்களின் பெயரைத் தாங்கியுள்ளது. மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன.

தூய்மைப்படுத்தல்

கழிவுகளால் ஆறு கருத்து நாற்றமெடுத்தது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ அதனைப் பத்தாண்டுகளில் தூய்மைப்படுத்தப் பணித்தார். கரையோரக் குடியிருப்பாளர்களும் தெரு வணிகர்களும் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டனர். கொள்கலன் கப்பல்களின் வருகையால் ஏற்கெனவே நலிந்திருந்த படகுத்தொழில், 1983இல் சுமார் 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டதோடு இவ்வாற்றில் முடிவுற்றது. 1987இல் தூய்மைப் பணி நிறைவடைந்தது.

மறுசீரமைப்பு

1989இல் போட் கீ பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகளின் முகப்புகளும் ஓட்டுக் கூரைகளும் பேணப்பட்டன, கிடங்குகள் உணவகங்களாயின. 2008இல் மரினா அணை திறக்கப்பட்டபின், ஆற்றுமுகம் நன்னீர்த்தேக்கத்தின் பகுதியாயிற்று. கட்டடங்கள் எஞ்சினும் அவற்றை எழுப்பிய தொழில் எஞ்சவில்லை. ஆற்றங்கரைச் சிலைகளே அதனை இன்று நினைவூட்டுகின்றன. அவற்றுள் ஒரு செட்டியாரின் உருவமும் உண்டு.