தம்நெயிலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கொவிட் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் யூடியூப் சனல் தொடங்கினார்கள். இப்போது நாலு பேர் கூடினால் பாடத்தைவிடத் தம்நெயிலைப் பற்றித்தான் பேச்சு. ஒரே வீடியோவுக்கு மூன்று முகப்புப் படம் கொடுத்தால், எது எடுபடுகிறது என்று யூடியூபே பரீட்சித்துச் சொல்லிவிடுகிறது. இதைப் புதுமை என்று நினைக்கிறோம். விசயம் பழையது.

1920களில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஜிரார்ட் என்ற சிற்றூரில், ஹால்டமன்-ஜூலியஸ் என்றொரு பதிப்பாளர் இருந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நீலப் புத்தகங்கள், ஒன்று ஐந்து சதம். பத்திரிகை விளம்பரத்தில் தலைப்புகளின் பட்டியல்தான் இருக்கும். அதைப் பார்த்து வேண்டியதைத் தபாலில் கேட்டு எடுக்க வேண்டும். ஆக, புத்தகத்தை விற்றுக் கொடுத்தது தலைப்புத்தான்.

ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதி போகாத புத்தகத்தை அவர் 'ஆஸ்பத்திரி'க்கு அனுப்புவார். அவர் வைத்த பெயரே அதுதான். அங்கே முக்கியமான வைத்தியம் பெயர் மாற்றம். பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியேயின் 'பொற்கம்பளி' 1925இல் 6,000 பிரதிதான் போனது. 'பொன்னிறக் கூந்தல் ஆசைநாயகியைத் தேடி' என்ற பொருளில் பெயரை மாற்றினார், மறுவருடம் 50,000. பெயர் பொய்யும் இல்லை. கதாநாயகன் பொன்னிறக் கூந்தல் பெண்ணைத் தேடித்தான் போகிறான். ஆனால் வாங்கிய 50,000 பேரில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார்கள்? அவரால் எண்ண முடிந்தது விற்பனையை மட்டும்.

இனி யூடியூபுக்கு வருவோம். 2005இல் தொடங்கியபோது தம்நெயிலை நாமே செய்து போட முடியாது. வீடியோவின் நடுப்பகுதி போன்ற குறித்த இடங்களிலிருந்து ஒரு காட்சியைத் தளமே எடுத்துக்கொள்ளும். நம் மனிதர்கள் விடுவார்களா! சரியாக அந்த இடத்தில் கண நேரத்துக்குச் சம்பந்தமில்லாத கவர்ச்சிப் படமொன்றைச் செருகினார்கள். பிறகு சொந்தப் படம் போடும் வசதி வந்தது. சிவப்பு அம்புக்குறி, பிளந்த வாய், அகல விரிந்த கண் எல்லாம் அதோடு பெருகின. எத்தனை பேர் திறந்தார்கள் என்பதே கணக்காக இருந்த வரைக்கும் ஏமாற்றியவருக்குத்தான் இலாபம். 2012இல் யூடியூப் அந்தக் கணக்கை மாற்றி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்தது. பத்து விநாடியில் ஆட்கள் வெளியேறினால் வீடியோ பின்னுக்குப் போகும்.

பரீட்சிக்கும் முறைக்கும் ஒரு கதை உண்டு. முன்பு பலர் இன்றைக்கு ஒரு படம், நாளைக்கு இன்னொரு படம் என்று மாற்றிப் பார்த்தார்கள். போயா விடுமுறையில் போட்ட படம் பாடசாலை நாளில் போட்ட படத்தை வென்றால், வென்றது படமா, விடுமுறையா? இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் பிஷர் இதே சிக்கலை வயலில் சந்தித்தார். பசளையை ஒப்பிடும்போது மண்ணின் வளம் குறுக்கே வந்தது. எந்தத் துண்டு நிலத்துக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானிக்கச் சொன்னார்.

2023இல் சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்து, 2024இல் யூடியூப் பரவலாகத் திறந்துவிட்ட வசதியும் அந்த வழியில்தான் போகிறது. மூன்று படங்களும் ஒரே காலத்தில் வெவ்வேறு பார்வையாளருக்குக் காட்டப்படும். இரண்டு வாரம் வரை போகலாம். வெற்றி கிளிக்கை வைத்தல்ல, பார்த்த நேரத்தை வைத்து. ஹால்டமன்-ஜூலியஸிடம் இல்லாத கணக்கு இதுதான். பார்ப்பவர்கள் குறைவென்றால் முடிவு தெளிவில்லை என்றே வரும். எங்கள் பாட வீடியோக்கள் பலவற்றுக்கு அந்தப் பதில்தான் கிடைக்கும்.

இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது 'இந்த வினா கட்டாயம் வரும்' என்று தம்நெயில் போடுகிறார்களே, அதைத் திறக்கும் பிள்ளை பத்து விநாடியில் வெளியேறுவதில்லை. பயந்த பிள்ளை கடைசி வரைக்கும் பார்க்கும். பயான் வீடியோவுக்கு நெருப்பும் கப்றும் போடுபவர்களுக்கும் இது தெரியும். படத்தில் சொன்ன வினா பரீட்சையில் வந்ததா என்று பார்த்த நேரம் காட்டாது. அது பரீட்சை மண்டபத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியும்.